பல்தடம்

மாத்தீரேயில் எலி ஒழிந்து இருபத்தோராம் மாதம்.
முட்டிபோட்டு, ஒவ்வொரு மெழுகுக்கட்டையாகத்
திருப்பிப் பார்த்துக்கொண்டு வருகிறாள் மெரேயானா.
வேர்க்கடலை விழுது பிசைந்த கட்டைகள், நூற்றுப் பன்னிரண்டு.
எதுவும் கடிக்கவில்லை என்பதுதான்
அவள் எழுத வேண்டியது:
இல்லை. இல்லை. இல்லை.
மாதச் சம்பளம் அதற்குத்தான்.

அறுபத்தேழாவதில் ஒரு கீறல்.

கடல் அப்படியேதான் இருந்தது.
அவள் வாய்க்குள் மட்டும் உப்பு ஏறியது.

அந்த ஒற்றை இல்லைக்கு
எத்தனை பேர் கையெழுத்து.
ஆக்லாந்திலிருந்து வந்த எலிக்காரர்கள்,
பப்பேத்தே அலுவலகம், ஹெலிகாப்டர் கம்பெனி,
ஞாயிறு பூசை முடிந்து கைதூக்கிய நாற்பத்து மூன்று குடும்பங்கள்,
கடைசியாக, பேனாவை மூடி மூடித் திறந்து
ஏழு மாதம் யோசித்த திஹோதி.

எலியைக் கொல்லுங்கள், என்றான் திஹோதி,
என் குரும்பையில் மூன்றில் ஒன்று அதன் வயிற்றில்.
மரத்தை ஏன் கேட்கிறீர்கள்?

கொப்பரை போடுகிறவன்.
அங்கேயும் அதன் பேர் கொப்பரைதான்:
நம் கரையில் காய்ந்த சொல்
யார் யார் கப்பலிலோ ஏறி
உலகத்தின் மறுபக்கம் போய் இறங்கியிருக்கிறது.
வரிசை வரிசையாய்த் தென்னை நட்டதில்
முன்பிருந்த புக்காக் காடு போயிற்று.
புக்கா வேறொன்றுமில்லை,
நம் வாசலில் வெளிறி நிற்கும் லெச்சக்கெட்டக் கீரை;
அங்கே அது ஆலம்போல் பருத்து
கடற்பறவைகளுக்குக் கிளை தரும்.
அதன் நிழலில் திரிவது தித்தி,
கையளவு உள்ளான்.
யாரைக் கண்டாலும் பறக்காது,
நடந்து கிட்டே வந்து பார்க்கும்.
எலியையும் அப்படித்தான் பார்த்தது.

நான்கு வரிசை கொடுத்தான் திஹோதி.
ஐந்தாவதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.
தென்னம்பிள்ளை என்று சொல்லும் மொழியில்
அந்த நான்கு வரிசை சாய்ந்ததை
எழுத எனக்கே கை கூசுகிறது.
கீரிப்பிள்ளை உண்டு, அணிற்பிள்ளை உண்டு.
பிள்ளையாரையே சுமக்கிற எலிக்கு மட்டும்
அந்த ஒட்டுச்சொல்லை
நாம் ஏனோ தரவில்லை.

கீறலைப் படமெடுத்து
ஆக்லாந்துக்கு அனுப்பினாள்.
பிறகு இரண்டு இரவு.
சினையாய் ஒன்றே ஒன்று போதும்.
எப்படி வந்திருக்கும் என்று யோசிக்க வேண்டாம், தெரியும்:
போன வெள்ளி, கொப்பரைப் படகில் வந்த அரிசி மூட்டை.
கரையில் கொட்டிச் சலித்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.
விதியை எழுதியதே அவள்.
மழை. இடுப்புவலி.
தூக்கிக்கொண்டு போய் அடுப்பருகே வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பதில்:
ஒற்றைத் தடம். எலிப்பல் என்றால் சோடியாய் விழும்.
இது நண்டு. அநேகமாக முனிவன் நண்டு.
வாழ்த்துகள்.

அறுபத்தேழுக்கு எதிரே இல்லை என்று எழுதிவிட்டு
மூட்டையை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.
தார்ப்பாயில் கொட்டினாள், பாதி தீர்ந்த அரிசியை.
இனிச் சலித்து என்ன, என்று தன்னையே கேட்டபடி
சலித்தாள்.

திஹோதி வந்தான். ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.
எதிரே உட்கார்ந்து
தார்ப்பாயின் ஒரு மூலையை அளையத் தொடங்கினான்.
ஐந்தாவது வரிசையில் ரெண்டு மரம் பட்டுப்போச்சு,
என்றான், அரிசியைப் பார்த்தபடி.
அவள் தலையை நிமிர்த்தவில்லை.

புதருக்குள்ளிருந்து ஒரு தித்தி
தார்ப்பாய் வரைக்கும் நடந்து வந்தது.
அரிசியைப் பார்த்தது.
மெரேயானாவின் கால் கட்டைவிரலைப் பார்த்தது.
இரண்டிலும் தனக்கு ஒன்றுமில்லை என்று கண்டு
அவசரமில்லாமல்
வந்த வழியே போயிற்று.